யாரை என்று கேட்காத படிவம்

குழந்தைகள் பார்த்ததைச் செய்கிறார்கள் என்ற உண்மையை நமது மாவட்டம் கடந்த பிப்ரவரி மாதம் பதினோராம் தேதி ஒரு சுற்றறிக்கையின் மூலம் கண்டுபிடித்தது. அதற்கு முன்பு நம் குழந்தைகள் எதைப் பார்த்து எதைச் செய்துகொண்டிருந்தார்கள் என்பதற்கு ஆவணம் ஏதும் இல்லை.

என் பெயர் சகாதேவன். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் இருக்கும் அதே சாலையில், ஒரு புங்கமரத்தடியில் மேஜை போட்டு இருபத்திரண்டு வருஷமாக மனு எழுதுகிறேன். ‘தாழ்மையுடன்’ என்ற சொல்லை இந்த மாவட்டத்தில் என்னைவிட அதிகம் எழுதியவர் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், நாற்காலியை அவருக்கே கொடுத்துவிடுகிறேன். ஆகவே இதில் வரும் எதையும் நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. பாதிக்குமேல் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

சுற்றறிக்கை வந்த மறுவாரம், என் மரத்துக்கு நேர் பின்னால் இருந்த சிமெண்ட் குடோனைக் காலி செய்து, வெள்ளையடித்து, ‘திரைவன்முறைத் தாக்கக் கண்காணிப்புப் பிரிவு’ என்று பலகை மாட்டினார்கள். சினிமா, டி.வி., செல்போன் ஆகியவற்றில் வரும் அடிதடியைப் பார்த்துக் கெட்டுப்போன குழந்தைகளைக் கண்டறிவதும், கண்டறியப்பட்டவர்களைத் திருத்துவதும் அந்தப் பிரிவின் பணி. கண்காணிப்பாளராக இளஞ்செழியன் என்பவர் வந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். இவர் நல்லவர், விதி தெரிந்தவர். நாள் முழுக்கச் செல்போனில் சண்டைக் காட்சிகளாகப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது எட்டிப் பார்த்தால், ஆய்வு என்பார்.

ஒவ்வொரு பள்ளியும் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கையைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு போயிற்று. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு சின்னப் பள்ளி இருக்கிறது. அதன் தலைமையாசிரியர் ஆதிமூலம் யோசித்துப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று பூஜ்யம் போட்டார். கணினி சிவப்பாயிற்று. மறுபடி போட்டார், மறுபடி சிவப்பு. போன் செய்து கேட்டதற்கு, பூஜ்யத்தைக் கணினி எடுத்துக்கொள்ளாது, குறைந்தபட்சம் ஒன்று வேண்டும் என்று இளஞ்செழியன் விளக்கினார். உண்மையிலேயே யாரும் இல்லையே என்றாராம் ஆதிமூலம். "நல்லாத் தேடுங்க சார். இல்லாம இருக்காது. அதுக்குன்னு ஒரு ஆபீஸே திறந்திருக்காங்களே" என்றாராம் இவர்.

ஆதிமூலத்துக்குத் தேடத் தெரியாததால் பிரிவிலிருந்தே ஆள் அனுப்பினார்கள். கீர்த்தனா என்று ஒரு பெண், தற்காலிகப் பணி, கையில் டேப்லெட். ஒரே நாளில் அறுபது பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் பதினான்கு கேள்வி. ஐந்தாம் வகுப்பு எழிலின் முறை வந்தபோது பகல் சாப்பாட்டு நேரம். ஆதிமூலம் முட்டை எண்ணப் போயிருந்தார்.

இந்த எழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் அம்மா அருணாதேவி கிரிவலப் பாதையில் பழமும் எலுமிச்சை ஜூஸும் விற்கிறாள். அந்தப் பக்கம் கடை வைத்தவர்களுக்குப் போட்டியாளர் பக்கத்துக் கடைக்காரர் அல்ல, குரங்கு. ஒரு கண் கல்லாவில் என்றால் ஒரு கண் மரத்தில் இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு கடையிலும் ஒரு கம்பு உண்டு. அருணாதேவி கடையில் கம்பு எழில் பொறுப்பு. ஓங்குவாள், தரையில் ரெண்டு தட்டுத் தட்டுவாள், குரங்கு ஓடிவிடும். அதுவும் தெரிந்த குரங்குதான், கம்பும் தெரிந்த கம்புதான். அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு இதுவே விளையாட்டு. ஒருவன் குரங்காவான், வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவான், மற்றவர்கள் கம்போடு துரத்துவார்கள். பிடித்தால் பழத்தைப் பங்கு போட்டுத் தின்பார்கள். பிடிக்காவிட்டாலும் குரங்கு பங்கு கொடுக்கும்.

கீர்த்தனா ஏழாவது கேள்வியைக் கேட்டாள். "கம்பு எடுத்து அடிக்கிற வழக்கம் உண்டா?"

"உண்டு மிஸ்."

"எப்ப எப்ப?"

"தினமும். பௌர்ணமின்னா ஜாஸ்தி."

"அடிக்கும்போது எப்படி இருக்கும்?"

"சிரிப்பு வரும்."

"அம்மா தடுக்கமாட்டாங்களா?"

"அம்மாதான் மிஸ் கம்பே குடுத்துச்சு."

கீர்த்தனா நல்ல பெண்தான். கொஞ்சம் திகைத்திருக்கிறாள். யாரை அடிக்கிறாய் என்று கேட்கத் தோன்றியதாகப் பின்னால் என்னிடம் சொன்னாள். ஆனால் யாரை என்ற கட்டம் படிவத்தில் இல்லை. இல்லாத கட்டத்துக்குக் கேள்வி கேட்டு, கிடைக்கும் பதிலை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

அன்று மாலை பள்ளிக்கூடத்துக் கணினி பச்சையாயிற்று. ஆதிமூலம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பெயரைக்கூடப் படிக்காமல் மூடினார். வேங்கிக்காலிலோ ஒரே பரபரப்பு. பௌர்ணமி நாட்களில் சிறாரிடையே வன்முறை அதிகரிக்கிறது என்ற அறிவியல் உண்மை முதன்முறையாகக் கண்டறியப்பட்டிருப்பதாக இளஞ்செழியன் நான்கு பக்க அறிக்கை அனுப்பினார். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்ட ஆணி கேட்டு எனக்கு ஆள் வந்தது. கொடுத்தேன்.

மே மாதம் எழில் ஐந்தாவது முடித்தாள். டவுனில் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்கு இடம் கிடைத்தது. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை ராஜம்மாள், ஜூன் இருபதாம் தேதிவரை இடத்தை வைத்திருப்பேன், அதற்குள் மாற்றுச் சான்றிதழோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். அருணாதேவி சான்றிதழ் வாங்கப் போனாள். ஆதிமூலம் பொத்தானை அழுத்தினார். சான்றிதழ் வரவில்லை. எழில் பெயருக்கு நேராக ‘கண்காணிப்பில்’ என்று ஒரு சிவப்பு வட்டம் வந்தது. அதன் பிறகே அவர் பெயரைப் படித்தார். முகம் செத்துப்போயிற்று என்று அருணாதேவி சொன்னாள். சரி, அவர் அப்போதாவது படித்தாரே.

அவள் மகளோடு என் மரத்தடிக்கு வந்தது ஜூன் இரண்டாம் தேதி. விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டு, "அண்ணா, நான் அஞ்சாவதோட நின்னது படிப்பு வராம இல்ல. ஒரு பேப்பர் வராம. எங்கப்பா மூணு தடவ அலைஞ்சாரு, நாலாந்தடவ அறுப்பு வந்துடுச்சு, உட்டுட்டாரு. இவளுக்கு அப்படி ஆவக்கூடாது" என்றாள். நான் அதைக் கேட்டு உருகிப்போனேன் என்று எழுத ஆசைதான். உருகியும் போனேன். ஆனால் கை அதற்குள் பேனா மூடியைக் கழற்றிவிட்டது, பழக்கம் அப்படி.

‘மேற்படி எழில் என்பவரால் ஓங்கப்பட்ட கம்பானது குரங்கினத்தை நோக்கியே அன்றி மானிடரை நோக்கி அல்லவென்றும், அதுவும் பெரும்பாலும் தரையிலேயே தட்டப்பட்டதென்றும் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’ என் வாழ்நாளில் எழுதிய நல்ல வாக்கியங்களில் அது ஒன்று. இளஞ்செழியனும் ரசித்துத்தான் படித்தார். படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"குரங்குன்னு நான் எழுதினா இது வனத்துறைக்குப் போயிடும்மா. அங்க போனா வேற சட்டம். அதுக்கு மனுஷன அடிச்சதாவே இருக்கட்டும், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அருணாதேவி என்னைப் பார்த்தாள். நான் மரத்தைப் பார்த்தேன்.

வழி இல்லாமல் இல்லை என்று அவரே ஆறுதல் சொன்னார். குழந்தை திருந்திவிட்டது என்று சோதனையில் தெரிந்தால் பெயரை நீக்கிவிடலாம். சோதனை என்பது, பிரிவு தயாரித்த விழிப்புணர்வுப் படத்தைக் குழந்தைக்குப் போட்டுக் காட்டி, முகத்தைக் கவனிப்பது. பிள்ளைகள் பார்க்கக்கூடாத வன்முறைக் காட்சிகள் எவை என்று பிள்ளைகளுக்கே தெரிய வேண்டுமல்லவா? அதனால் அப்படிப்பட்ட காட்சிகளை எல்லாம் பல இடங்களிலிருந்து வெட்டி எடுத்து, நாற்பது நிமிஷத்துக்கு ஒட்டவைத்திருந்தார்கள். கீழே ‘இதைப் பார்க்காதீர்’ என்று சின்ன எழுத்தில் ஓடும். இந்தப் படத்தை அதற்குள் முப்பது பள்ளிகளில் காட்டியிருந்தார்கள். அதுவரை கணக்கில் ஆள் இல்லாமல் தவித்த பள்ளிகளில்கூட மறுநாளே ஏழெட்டுப் பேர் தேறினார்கள். இலக்கு எட்டப்பட்டது.

எழிலுக்குப் போட்டுக் காட்டினார்கள். முதல் பத்து நிமிஷம் மூக்கில் குத்து, வயிற்றில் உதை. அவள் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். ‘மரத்துப்போன நிலை’ என்று இளஞ்செழியன் குறித்துக்கொண்டார். பிறகு சந்தையில் ஒரு சண்டை வந்தது. ஒருவன் பறந்து வந்து விழுந்ததில் ஒரு பழவண்டி குடைசாய்ந்து, ஆரஞ்சும் சாத்துக்குடியும் ரோடெல்லாம் உருண்டன. எழில் எழுந்து நின்றுவிட்டாள். கண்ணில் தண்ணீர்.

"சார், அது யாரு வண்டி?"

இளஞ்செழியனுக்குப் புரியவில்லை.

"அந்த வண்டிக்காரங்களுக்கு அப்புறம் யாரும் பழம் பொறுக்கிக் குடுக்கலையா? எல்லாம் மிதிச்சிட்டுப் போறாங்களே."

நானும் அந்த மாதிரிச் சண்டை ஐம்பது வருஷமாகப் பார்க்கிறேன். அந்த வண்டிக்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. இளஞ்செழியன் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். அதில் மூன்று கட்டங்கள். சிரித்தால் கடும் பாதிப்பு. சும்மா இருந்தால் மரத்துப்போன பாதிப்பு. அழுதால் ஆழ்ந்த பாதிப்பு. எழில் ஒரே உட்காரலில் இரண்டு வாங்கியிருந்தாள்.

இத்தகைய குழந்தைக்கு அடுத்த கட்டம் ஒன்பது வேலைநாள் சிகிச்சை. இதில் இளஞ்செழியனின் தர்க்கம் சுத்தமானது. குழந்தைகள் பார்த்ததைச் செய்கிறார்கள். அப்படியானால் அடிதடியே இல்லாத ஓர் இடத்தில் ஒரு குழந்தையை உட்காரவைத்தால் அது அடிதடியே இல்லாத ஒன்றைச் செய்யும். யாரும் யாரையும் கை நீட்டாத, அமைதியான, ஒழுங்கான இடம் எது? அவர் நாலாபுறமும் பார்த்தார். தன் ஆபீஸ்தான் கண்ணில் பட்டது.

ஜூன் ஒன்பதாம் தேதி தொடங்கினால் ஒன்பதாவது வேலைநாள் பத்தொன்பது. ராஜம்மாள் வைத்த கெடு இருபது. ஒரு நாள் தவறினாலும் போச்சு. அருணாதேவி கடையைப் பக்கத்துக் கடைக்காரரை நம்பியும், மீதியைக் குரங்குகளை நம்பியும் விட்டுவிட்டு, தினமும் காலையில் மகளை ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்குவாள். எழில் பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். மதியம் என் மேஜைக்கு வந்து டிபன் பாக்ஸைத் திறப்பாள்.

அவள் பார்த்ததெல்லாம் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை, நீங்களும் பார்த்திருப்பீர்கள். காசியம்மாள் என்று ஒரு அம்மா மங்கலத்துப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தாள். அவள் மகன் ராஜா, எட்டு வயது, விழிப்புணர்வுப் படம் பார்த்துவிட்டு ஜன்னலைத் தாண்டிக் குதித்ததில் பட்டியலில் சேர்ந்தவன். அவன் பெயரை நீக்கச் சொல்லித் திங்கட்கிழமை வந்தாள். சார் மீட்டிங்கில் இருக்கிறார். சார் உள்ளேதான் செல்போனில் சண்டை பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை வந்தாள். ஆதார் நகல் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். புதன்கிழமை இரண்டு நகலோடு வந்தாள். அதில் பின்பக்கம் இல்லை. வியாழக்கிழமை எல்லாம் இருந்தது, சர்வர் இல்லை. ஒருவரும் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எல்லாரும் அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் எழில் தயிர்சாதத்தைக் கிளறிக்கொண்டே கேட்டாள். "சார், நீங்க எழுதித் தர்ற மனுவெல்லாம் எங்க போவுது?"

"உள்ள போவும்."

"அப்புறம்?"

"இன்னொரு மனு எழுதுவோம்."

அவள் தலையாட்டிக்கொண்டாள். புரிந்துவிட்டது போலிருந்தது. எனக்கு அன்று ஊறுகாய் தொட்டுக்கொள்ளப் பிடிக்கவில்லை.

பத்தொன்பதாம் தேதி காலை இளஞ்செழியன் வர நேரமாயிற்று. கீர்த்தனா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். எழில் ஸ்டூலிலிருந்து இறங்கி, அவருடைய நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கால் தரைக்கு எட்டவில்லை. ஒரு கோப்பை விரித்து வைத்துக்கொண்டு, எதையோ தேடுவதுபோல் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அந்த நேரம் பார்த்துக் காசியம்மாள் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

எழில் நிமிரவில்லை. ஒரு பக்கம் முழுக்கப் படித்தாள். பிறகு தலையைத் தூக்காமலே, "நகல் எடுத்தாந்தீங்களாம்மா?" என்றாள்.

"எடுத்தாந்திருக்கேங்க."

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமும் இருக்குதுங்க."

எழில் வாங்கிப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். "தேதி போடலையே. போட்டு நாளைக்கு வாங்க."

"சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் காசியம்மாள் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். பத்து வயசுப் பெண் என்பதை அவள் கவனித்தாளா என்று பிறகு கேட்டேன். நாற்காலியைத்தான் பார்த்தேன் என்றாள்.

இதையெல்லாம் வாசலில் நின்று இளஞ்செழியன் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நான் நினைத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. "பாத்தீங்களா சகாதேவன்? கை ஓங்கல. குரல் ஒசரல. ஒரு அடி இல்ல, ஒரு திட்டு இல்ல. வந்தவங்க அமைதியாத் திரும்பிப் போயிட்டாங்க. இதுதான் சார் திருந்துறதுங்கறது" என்றார். அன்று மாலை நாலு நாற்பதுக்குச் சிவப்பு வட்டம் பச்சையாயிற்று. மறுநாள் ராஜம்மாள் பள்ளியில் எழில் சேர்ந்தாள். அருணாதேவி எனக்கு ஒரு டஜன் சாத்துக்குடி கொண்டுவந்து வைத்தாள். என் மனுவினால் காரியம் முடிந்ததாக அவள் நம்பினாள். நானும் மறுக்கவில்லை.

இளஞ்செழியன் அறிக்கை அனுப்பினார். ஒன்பது நாள் அலுவலகச் சூழலில் அமர்த்தப்பட்ட குழந்தை வன்முறையை முற்றிலும் மறந்துவிட்டதாகவும், ஆகவே மாவட்டத்தின் எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒன்பது நாள் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் அமர்த்தலாம் என்றும் பரிந்துரைத்தார். இரண்டாவது பாராட்டுக் கடிதம் வந்தது. ஆணி கேட்டு ஆள் வந்தது. சில மாதங்களில் திட்டமும் வந்துவிட்டது. அடி அண்ணாமலையில் பாதிப் பிள்ளைகள் ஒன்பது நாள் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். கிராம அலுவலகத்தில் நாலு பேர், பதிவாளர் ஆபீஸில் மூன்று பேர், எங்கே இடம் இருந்ததோ அங்கே.

போன ஞாயிற்றுக்கிழமை நான் கிரிவலம் போனேன். அடி அண்ணாமலை வந்ததும் கால் வலிக்கு ஒரு எலுமிச்சை ஜூஸ் குடிக்கலாம் என்று அருணாதேவி கடையில் நின்றேன். கடைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். குரங்கு விளையாட்டு என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். யாரும் ஓடவில்லை. எழில் ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி பக்கத்தில் நின்று, மேடம் மீட்டிங்கில் இருக்காங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையில். கொஞ்சம் தள்ளிப் புளியமரத்தடியில் ஒரு வாண்டு, மூக்கு நுனியில் இல்லாத கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, இலையில் குச்சியால் எதையோ எழுதி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தான். யாரைப் போல நடிக்கிறான் என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். பிறகு என் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டேன்.

வரிசையின் கடைசியில் ஒரு பையன் அழுதுகொண்டிருந்தான். காசியம்மாள் மகன் ராஜா, லீவுக்கு உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருக்கிறானாம். பந்து அவனுடையது. பெட்டிக்குப் பின்னால் போய்விட்டது. காலையிலிருந்து கேட்கிறான், எழுதிக்கொண்டு வா என்கிறார்கள்.

அருணாதேவி கடையை விட்டு இறங்கி வந்தாள். "ஏண்டி, அந்தப் புள்ளைய அடிச்சீங்களா?"

"இல்லம்மா" என்றாள் எழில். "யாரும் தொடவே இல்ல."

அது உண்மைதான். குரங்கு விளையாட்டில் கம்பு இருந்தது, துரத்தல் இருந்தது, முட்டியில் ரத்தம்கூட வந்ததுண்டு. ஆனால் எந்தப் பிள்ளையும் அழுது நான் பார்த்ததில்லை. அருணாதேவி என்னைப் பார்த்தாள். வேங்கிக்காலில் பார்த்த அதே பார்வை. இந்த முறை மரத்தைப் பார்க்கவும் எனக்கு வழியில்லை, அதன் அடியில் அந்த வாண்டு எழுதிக்கொண்டிருந்தான். ராஜா என்னிடம் வந்து, "நீங்கதான சார் மனு எழுதுறவரு, எனக்கு ஒண்ணு எழுதித் தர்றீங்களா?" என்று மூக்கை உறிஞ்சினான். பந்தை நானே எடுத்துக் கொடுத்திருக்கலாம். நாலே எட்டு. ஆனால் இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை பேனாவைத் தேடியது. தாழ்மையுடன் என்று எழுதி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு நானும் வரிசையில் நின்றேன்.

அப்போதுதான் மரத்திலிருந்து குரங்கு இறங்கியது. கடையில் ஆள் இல்லை. "எழிலு, குரங்கு, கம்ப எடு" என்று அருணாதேவி கத்தினாள்.

எழில் தலையைத் தூக்கவில்லை. "வரிசையில வரச் சொல்லும்மா" என்றாள்.

குரங்கு கடைமேல் ஏறியது, ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டது, போகிற வழியில் பெட்டிக்குப் பின்னால் கிடந்த பந்தையும் எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அன்று அந்த ஆபீஸில் மனுப் போடாமல், நகல் எடுக்காமல், வேண்டியதை வாங்கிக்கொண்டு போனது அது ஒன்றுதான். நாங்கள் வரிசையில் ஓர் அடி முன்னால் நகர்ந்தோம்.